மிசோகுச்சியின் ‘அகாசென் சிதாய்’ (1956): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊரில் நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு படம் திரையிடுகிறோம். இந்தப் படத்தை இதுவரை மூன்று முறை போட்டிருக்கிறோம். மூன்று முறையும் விளக்கு போட்டதும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வந்தன. அன்றைக்கு அவசரத்தில் சொன்ன பதில்களை இப்போது நிதானமாக எழுதி வைக்கிறேன். கதையைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. முடிவு தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இது என்ன படம்? யார் எடுத்தது?

ஜப்பானிய இயக்குநர் கென்ஜி மிசோகுச்சியின் கடைசிப் படம். 1956 மார்ச் மாதம் டாயெய் நிறுவனம் வெளியிட்டது. கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஆகஸ்ட் 24 அன்று மிசோகுச்சி ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 58. ஒளிப்பதிவு கசுவோ மியாகவா. ‘ரஷோமோன்’ பார்த்தவர்களுக்கு அவருடைய வேலை தெரிந்திருக்கும். அந்தப் படத்தில் நடித்த மச்சிகோ கியோ இதிலும் இருக்கிறார், ஆனால் அடையாளமே தெரியாத அளவுக்கு வேறு ஆளாக.

டோக்கியோவின் யோஷிவாரா பகுதியில் ‘கனவூர்’ என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு விடுதி. அதில் உடலை விற்றுப் பிழைக்கும் ஐந்து பெண்கள். வெளியே நாடாளுமன்றத்தில் விபச்சாரத் தடுப்பு மசோதா விவாதத்தில் இருக்கிறது. விடுதியில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவுதான் கதைக்களம்.

தலைப்புக்கு என்ன பொருள்?

‘சிவப்புக் கோட்டுப் பகுதி’. யோஷிவாரா 1600களின் தொடக்கத்திலிருந்தே அரசு உரிமம் பெற்ற விபச்சாரப் பகுதி. 1657இல் நகரமே எரிந்த பெரிய தீ விபத்துக்குப் பிறகு அசகுசா பக்கம் இடம் மாற்றினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்று அமெரிக்கா தலைமையிலான நேசப்படைகளின் ஆட்சி வந்ததும், 1946இல் அந்த உரிம முறை ஒழிக்கப்பட்டது. ஒழிக்கப்பட்டதாகக் காகிதம் சொன்னது. அதே வீடுகள் ‘சிறப்பு உணவகம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டன. பெண்கள் ‘பரிமாறும் பணிப்பெண்கள்’ ஆனார்கள். அவர்கள் யாரோடாவது பழகினால் அது அவர்கள் சொந்த விருப்பம், முதலாளி அறை மட்டும்தான் வாடகைக்கு விடுகிறார் என்று கணக்கு. அப்படி அனுமதித்த பகுதிகளைப் போலீஸ்காரர்கள் வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் குறித்து வைத்தார்கள். அதுதான் ‘அகாசென்’.

ஆங்கிலத்தில் ‘வெட்கத்தின் தெரு’ என்று பொருள்படும்படி வேறு தலைப்பு வைத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மூலத் தலைப்பு வெறும் நிர்வாகச் சொல். வெட்கம், மானம் என்று எதுவும் அதில் இல்லை. அந்தப் பெண்களைப் பார்த்து ‘வெட்கம்’ என்று படம் ஒரு இடத்திலும் சொல்வதில்லை. சொல்கிறவர்கள் கதைக்குள் இருக்கும் ஒரு பெண்ணின் மகனும் இன்னொருத்தியின் அப்பாவும்தான்.

ஐந்து பெண்களும் குழப்பமாக இருக்கிறார்கள். யார் யார்?

முதல் முறை பார்க்கும்போது எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வரும். கிமோனோவிலும் முகப்பூச்சிலும் ஒருவரை ஒருவர் மாதிரி தெரியும். கண்ணாடி போட்டவரை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவர் ஹனயே. மிச்சியோ கோகுரே நடித்திருக்கிறார். கணவனுக்குக் காசநோய், வேலை கிடையாது, கையில் குழந்தை. மற்ற பெண்கள் விடுதியிலேயே தங்குவார்கள். இவர் வீட்டிலிருந்து வேலைக்கு வந்து போகிறார். வேலை முடியும் நேரத்துக்குக் கணவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்பான். ஒரு நாள் வீட்டுக்குப் போனால் அவன் தூக்குப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறான். காப்பாற்றியதும் அவர் அழவில்லை, கோபப்படுகிறார். குழந்தைக்குப் பால் வாங்க வழியில்லை, இதற்குப் பெயர் நாகரிகமான நாடா என்று கேட்கிறார். நான் சாக மாட்டேன், இந்தத் தொழிலும் போன பிறகு நாங்கள் என்ன ஆகிறோம் என்று என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்கிறார். படத்தின் நடுநரம்பு இந்தப் பேச்சு என்பது என் எண்ணம்.

யுமேகோ விதவை, வயது கூடிவிட்டது. ஊரில் மாமியார் வீட்டில் விட்டு வளர்த்த மகன் இப்போது வாலிபன். அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியது இந்தக் காசு. இனி அவனோடு போய் இருந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். மகன் டோக்கியோவுக்கு வருகிறான், தெருவில் அம்மா ஒரு ஆளைக் கையைப் பிடித்து இழுப்பதைப் பார்த்துவிடுகிறான். பிறகு அவன் வேலை செய்யும் தொழிற்சாலைப் பக்கம் அம்மாவை வரச் சொல்லி, அங்கே அவரை உதறித் தள்ளுகிறான். யுமேகோவுக்கு அத்தோடு புத்தி பேதலித்துப் போகிறது.

யோரியேவுக்குக் கிராமத்தில் மரச்செருப்பு செய்பவனோடு கல்யாணம் பேசியிருக்கிறது. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன்.

மிக்கி கடைசியாக வந்து சேர்பவள். மச்சிகோ கியோ. மேற்கத்திய உடை, சூயிங்கம், ஒசாகா பக்கத்துப் பேச்சு. வந்த அன்றே விடுதிக் கூடத்தில் இருக்கும் பெரிய சிப்பி அலங்காரத்தில் ஏறி நின்று, நான் காதல் தேவதை வீனஸ் என்று சிரிக்கிறாள். பெரிய வியாபாரியின் மகள். அப்பா கூட்டிப்போக வருகிறார். அம்மா இறந்ததையும், தான் மறுமணம் செய்துகொண்டதையும், தங்கையின் கல்யாணத்துக்கு அவளால் கெட்ட பெயர் வரும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறார். அம்மாவை வாழ்நாள் முழுக்க அழவைத்தவர் அவர். சரி, நீங்களும் ஒரு வாடிக்கையாளராகவே இருங்கள் என்று மிக்கி அவரையே கூப்பிடுகிறாள். திரையிட்ட மூன்று முறையும் இந்த இடத்தில் யாரோ ஒருவர் எழுந்து வெளியே போயிருக்கிறார்.

யசுமியாக வருபவர் அயகோ வகாவோ. படத்திலேயே அழகி, படத்திலேயே கணக்கில் கெட்டி. அப்பா ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார். ஜாமீன் பணத்துக்காக இங்கே வந்தாள். கூட வேலை செய்கிற பெண்களுக்கே வட்டிக்குக் கொடுக்கிறாள். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று ஆசை காட்டி ஒரு குமாஸ்தாவிடம் பணம் கறக்கிறாள். அவன் கம்பெனிப் பணத்தைக் கையாடல் செய்து கொடுத்துவிட்டு, ஏமாந்தது தெரிந்ததும் அவளைக் கொல்ல வருகிறான். பிழைத்துக்கொள்கிறாள். திவாலாகிப்போன இன்னொரு வாடிக்கையாளரின் மெத்தைக் கடையை வாங்கி, தான் படுத்த அதே விடுதிக்கு மெத்தை சப்ளை செய்யும் முதலாளியாகிறாள்.

யசுமி நல்லவளா கெட்டவளா?

இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது. மிசோகுச்சி இதற்குப் பதில் சொல்லவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் எனக்கு ஒரு பதில் உண்டு. ஐந்து பேரில் யாரையும் நம்பாதவள் அவள் ஒருத்தி. மகனை நம்பியவளுக்கும், கணவனை நம்பியவளுக்கும், கல்யாணத்தை நம்பியவளுக்கும் என்ன நடந்தது என்று படம் வரிசையாகக் காட்டிவிடுகிறது. யசுமி ஏமாற்றியதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்த வீட்டிலிருந்து வெளியே போகும் கதவு அவ்வளவு குறுகலாக இருந்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

கல்யாணமாகிப் போன யோரியே ஏன் திரும்பி வருகிறாள்?

போகும்போது மற்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்து சீர் கொடுத்து அனுப்புகிறார்கள். வீட்டுச் சாமான், சோற்றுக் கிண்ணம் என்று ஆளுக்கொன்று. தாங்கள் யாரும் வாழப்போவதில்லை என்று தெரிந்த ஒரு வாழ்க்கைக்கு அவர்கள் பாத்திரம் வாங்கிக் கொடுக்கிறார்கள். படத்தில் எல்லோரும் ஒன்றாகச் சிரிக்கும் காட்சி அது ஒன்றுதான்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுகிறாள். காரணம் எளிது. அங்கே அவளுக்கு விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை செருப்பு வேலை. கூலி கிடையாது, பெண்டாட்டி என்பதால். இங்கேயாவது உழைத்தால் காசு வருகிறது என்கிறாள்.

இரண்டாவது திரையிடலுக்கு ஒரு நண்பரின் அம்மா வந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், இளவயதில் கல்யாணமாகி வயலிலும் மாட்டுக் கொட்டகையிலும் வேலை செய்தவர். படம் முழுக்க ஒன்றும் பேசவில்லை. யோரியே திரும்பி வந்த இடத்தில், “அது சரிதானே” என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. அதற்கு மேல் நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை என்றால் ஏன் போய்விடவில்லை? யாரும் பூட்டி வைக்கவில்லையே?

பூட்டு இல்லை, கடன் இருக்கிறது. இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒவ்வொரு காட்சியிலும் காசு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று கவனியுங்கள்.

பெண்ணைக் கொண்டுவரும்போது வீட்டுக்கு முன்பணம் கொடுப்பார்கள். அது அவள் பெயரில் கடன். அவள் சம்பாதிப்பதில் விடுதிக்குப் பங்கு போக மீதியில் அதை அடைக்க வேண்டும். ஆனால் வேலைக்கு உடை வேண்டும், முகப்பூச்சு வேண்டும், மெத்தை வேண்டும், சாப்பாடு வேண்டும். எல்லாம் விடுதி வழியாகவே கடனில் வருகிறது. மிக்கி வந்த வாரத்திலேயே கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. பார்த்ததையெல்லாம் கடனில் வாங்குகிறாள். நம் ஊரில் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போன குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படம் வெளிவருவதற்கு ஐந்து மாதம் முன்பு, 1955 அக்டோபர் 7 அன்று, ஜப்பான் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அப்பா வாங்கிய முன்பணத்துக்காக மகளை அந்த மாதிரி வேலையில் வைத்த வழக்கு அது. ஒப்பந்தமே செல்லாது, அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது என்றது நீதிமன்றம். அதாவது படத்தில் வரும் பெண்களைக் கட்டி வைத்திருந்த கடனுக்குச் சட்டப்படி பிடிமானம் போய்விட்டது. ஆனாலும் விடுதியில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வெளியே போனால் சோற்றுக்கு என்ன வழி என்பதுதான் நிஜமான கடன்.

விடுதி முதலாளி வில்லன்தானே?

அவர் தன்னை அப்படி நினைக்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. மசோதா தோற்கும்போதெல்லாம் பெண்களை உட்காரவைத்துப் பேசுவார். அரசாங்கம் செய்யாத சமூக சேவையை நாங்கள் செய்கிறோம், நாங்கள் இல்லாவிட்டால் நீங்களும் உங்கள் குடும்பமும் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான் என்பார். நடிகர் எய்தாரோ ஷிந்தோ இதைக் குரலை உயர்த்தாமல், குடும்பப் பெரியவர் புத்தி சொல்வதுபோலவே சொல்கிறார். பெண்கள் அவரை ‘அப்பா’ என்றும் அவர் மனைவியை ‘அம்மா’ என்றும்தான் கூப்பிட வேண்டும்.

அவர் சொல்வதில் பாதி உண்மை என்பதையும் படம் மறைப்பதில்லை. நோயாளிக் கணவனுக்கும் படிக்கிற மகனுக்கும் அந்த அரசு ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த உண்மையை வைத்துத்தான் அவர் பிழைக்கிறார்.

மசோதா நிஜமாகவே தோற்றதா? இந்தப் படத்தால்தான் சட்டம் வந்தது என்கிறார்களே?

படத்துக்குள் மசோதா தோற்றுப்போகிறது. நிஜத்திலும் பல முறை கொண்டுவரப்பட்டுத் தோற்றது, 1955 கோடையிலும் தோற்றது. இச்சிகோ கமிச்சிகா, ஃபுசயே இச்சிகாவா போன்ற பெண் உறுப்பினர்கள் விடாமல் போராடினார்கள். படம் வெளிவந்து இரண்டே மாதத்தில், 1956 மே 24 அன்று, சட்டம் பிரகடனமானது. 1957 ஏப்ரலில் அமலுக்கு வந்து, தண்டனைப் பிரிவுகள் 1958 ஏப்ரல் 1 முதல் செயல்பட்டன. யோஷிவாராவின் சிவப்புக் கோடு அதோடு அழிந்தது.

படத்தால்தான் சட்டம் வந்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பல ஆண்டுகளாகப் பெண்கள் அமைப்புகள் உழைத்த உழைப்பை ஒரு படத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் படம் வந்தது, நிறையப் பேர் பார்த்தார்கள். அது போதும்.

அந்தத் தொழிலில் இருந்த பெண்கள் சட்டத்தை ஆதரித்தார்களா?

எல்லோரும் இல்லை. யோஷிவாராவில் இருந்த பெண்களே சங்கமாகச் சேர்ந்து எதிர்த்தார்கள், வாழ வழி சொல்லிவிட்டுத் தடை போடுங்கள் என்று கேட்டார்கள். சங்கங்களுக்குப் பின்னால் முதலாளிகள் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. இருக்கலாம். அதற்காக அந்தக் கேள்வி பொய்யாகிவிடாது. ஹனயே கேட்பதும் அதே கேள்விதானே.

சட்டம் வந்த பிறகு யோஷிவாரா காலியாகவில்லை. ‘துருக்கிக் குளியல்’ என்ற பெயரில் அதே தொழில் நடக்கும் கடைகள் வந்தன. துருக்கி நாட்டுக்காரர் ஒருவர் தம் நாட்டின் பெயரை இதற்கு வைப்பதா என்று எதிர்த்ததும், 1984இல் ‘சோப்லாண்ட்’ என்று மாற்றினார்கள். பெயர் மாற்றத்தில் 1946க்கும் 1984க்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

மிசோகுச்சிக்கு இந்தப் பெண்கள் மேல் ஏன் இவ்வளவு அக்கறை?

அவர் சிறுவனாக இருந்தபோது அப்பா வியாபாரத்தில் நொடித்துப்போனார். அக்கா சுசுவைத் தத்துக் கொடுத்தார்கள், அவர் ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கெய்ஷாவானார். பின்னாளில் தம்பிக்குச் சோறு போட்டதும் அந்த அக்காதான். வீட்டு ஆண்களின் தோல்விக்குப் பெண் விலை கொடுக்கும் கதையை அவர் வாழ்நாள் முழுக்க எடுத்துக்கொண்டே இருந்தார்.

அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். விடுதிகளுக்கு வாடிக்கையாகப் போனவர். 1925இல் அவரோடு பழகிய பெண் ஒருத்தி அவர் முதுகில் சவரக்கத்தியால் கீறினார். அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது. இந்தப் படத்தை ஒரு குற்றவாளியின் வாக்குமூலமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நானும் கொஞ்சம் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஆண் எடுத்த படம்தானே? பெண்களின் குரல் எங்கே?

நியாயமான கேள்வி. திரைக்கதை எழுதியவரும் ஆண்தான், மசாஷிகே நருசாவா. ஆனால் படத்தின் ஒரு பகுதி பெண் எழுத்தாளர் யோஷிகோ ஷிபாகியின் சிறுகதையிலிருந்து வந்தது. அந்தக் கதையின் களம் சுசாகி என்ற வேறொரு சிவப்புக் கோட்டுப் பகுதி. மேலும் இதில் ஆண்களுக்குக் கதையே கிடையாது. அவர்கள் வருவார்கள், காசு கொடுப்பார்கள் அல்லது காசு கேட்பார்கள், போய்விடுவார்கள்.

குடும்பத்தோடு பார்க்கலாமா? ஆபாசக் காட்சிகள் உண்டா?

உடல் உறவுக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. பெண்கள் வாசலில் நின்று ஆட்களை இழுப்பது, கூடத்தில் சாப்பிடுவது, கடன் கேட்பது, முகம் பூசுவது, கொட்டாவி விடுவது இவைதான் படம். தற்கொலை முயற்சி ஒன்று இருக்கிறது, கொலை முயற்சி ஒன்று இருக்கிறது. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் முடிந்ததும் உட்கார்ந்து பேசுங்கள்.

அந்த இசை ஏன் அப்படி இருக்கிறது?

தோஷிரோ மயுசுமி அமைத்தது. அப்போது அவருக்கு 27 வயது. மின்னணு ஒலிபோல வழுக்கிக்கொண்டு, பேய்ப் படம் மாதிரி வரும். வெளிவந்தபோது ஜப்பானிலேயே திட்டியவர்கள் இருந்தார்கள். எனக்கும் முதல் முறை எரிச்சலாகத்தான் இருந்தது. சோக வயலின் போட்டிருந்தால் அழுதுவிட்டு லேசாகி வீட்டுக்குப் போயிருப்போம். இது அப்படிப் போகவிடாது.

‘விபச்சாரி’ என்று சொல்வதா, ‘பாலியல் தொழிலாளி’ என்பதா?

நான் பேசும்போது ‘பாலியல் தொழிலாளி’ என்கிறேன். இந்தப் படம் காட்டுவது உழைப்பை: வேலை நேரம், பங்கு, கடன், முதலாளி, வயதானால் வேலை போகும் பயம். ஆனால் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது சட்டத்தின் சொல்லைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

இந்தியாவிலும் இதே 1956 டிசம்பரில்தான் பெண்களையும் சிறுமிகளையும் வைத்து நடக்கும் ஒழுக்கக்கேடான வணிகத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 1958 மே 1, ஜப்பானில் தண்டனைப் பிரிவுகள் வந்து சரியாக ஒரு மாதம் கழித்து. இரண்டு நாட்டுச் சட்டத்திலும் உடலை விற்கும் செயலுக்கென்று நேரடித் தண்டனை இல்லை. பொது இடத்தில் அழைப்பதும், விடுதி நடத்துவதும், தரகு பார்ப்பதும்தான் குற்றம். ஆனால் தெருவில் பிடிபடுகிறவள் பெண்தான், முதலாளி அல்ல. 2022 மே மாதம் நம் உச்ச நீதிமன்றம் பாலியல் தொழிலாளர்களும் மற்றவர்களைப்போல மரியாதையோடு நடத்தப்பட வேண்டியவர்கள் என்று போலீசாருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசிக் காட்சியில் வரும் அந்தச் சின்னப் பெண் யார்?

ஷிசுகோ. நிலக்கரிச் சுரங்கத்தில் அடிபட்ட அப்பாவின் மகள். எடுபிடி வேலைக்கு வந்தவள். படம் முழுக்கப் பின்னால் பாத்திரத்தோடும் துடைப்பத்தோடும் போய்க்கொண்டிருப்பாள், நாம் கவனித்திருக்க மாட்டோம். மசோதா தோற்ற பிறகு, யுமேகோவின் இடமும் யசுமியின் இடமும் காலி. முதலாளியம்மா அவளை உட்காரவைத்து முகத்துக்கு வெள்ளை பூசுகிறார்.

வாசலுக்கு வருகிறாள். மற்றவர்கள் கத்தி ஆட்களை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். இவள் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். பாதி முகம் தெரிகிறது. ஒரு கை மெதுவாக வெளியே வருகிறது, யாரையோ கூப்பிடுகிறது, முகம் மறுபடி தூணுக்குப் பின்னால் போகிறது. அங்கே படம் முடிந்துவிடும்.

இதற்கு விளக்கம் கேட்கிறார்கள். என்னிடம் இல்லை. அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று கேமரா காட்டுவதில்லை. அந்தப் பக்கம் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

அடுத்து எதைப் பார்க்கலாம்?

இதே இயக்குநரின் ‘கியோனின் சகோதரிகள்’ (1936). அதிலும் ஒரு யசுமி இருக்கிறாள், இருபது வருடம் முன்னால். பிறகு ‘ஓஹருவின் வாழ்க்கை’ (1952). அது நீளமான படம், மனம் கனத்துப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்கி வையுங்கள்.